க்ளெம் க்ரீம் வாங்கப் போன கோலம்

டூரிங்கா ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் க்ளெம் ஹார்டிகனுக்கு ஐம்பத்தாறாவது வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். மிதிக்கத்தான் சொன்னார். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சைக்கிள் உடுப்பை வாங்கிப் போடும்படி எந்தச் சீட்டிலும் எழுதித் தரவில்லை. அந்த வினையை க்ளெம் தானாகத்தான் தேடிக்கொண்டார்.

கறுப்பில் தோள்வார் வைத்த குட்டைக் கால்சட்டை. உட்காரும் இடத்தில் மெத்தை. மேலே முதுகில் மூன்று பை வைத்த ஆரஞ்சு நிறச் சட்டை. நடந்தால் டக் டக்கென்று குதிரை வருவதுபோலச் சத்தம் போடும் ஷூ. முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்றபோது, கசாப்புக் கடைக் கொக்கியில் தொங்கும் சாஸேஜுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டதுபோல இருக்கிறோமே என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் ஆண்டவர் கொடுத்த உடம்பு, அதைக் குறை சொல்ல நாம் யார் என்று சமாதானம் செய்துகொண்டார். ஆண்டவர் கொடுத்தது அதில் பாதிதான், மீதி தாமே சேர்த்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் எட்டுப் பேர் சேர்ந்து ஐம்பது கிலோமீட்டர் போவார்கள். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மிதிப்பார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். முடிவில் காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்து, மிதித்துக் கரைத்ததை எல்லாம் கேக்காகத் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். அதுவும் வழக்கம்தான்.

இதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. வம்பு மருந்துக்கடையில் வந்தது. அங்கே வேலை பார்ப்பது அவர் ஒரே மகள் பெத்தனி. போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காப்பி முடிந்த கையோடு, கால் பவுடர் வாங்க அந்த உடுப்போடேயே உள்ளே போனார். பவுடர் இருந்தது கடைசித் தட்டில். க்ளெம் குனிந்தார். பின்னால் வரிசையில் ஏழு பேர். போதகரின் மனைவி ஒரு ஷாம்பு புட்டியை எடுத்து, அதில் எழுதியிருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பக்தியோடு படிக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் பெத்தனி வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, இன்னொரு தடவை அந்தக் கோலத்துல நீ எந்தக் கடைக்குள்ளயாவது காலெடுத்து வெச்சேன்னு கேள்விப்பட்டேன், கல்யாணத்தன்னிக்கு என்னைக் கோயில்ல கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற ஆளைப் பார்த்துக்குவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"சரிம்மா. இனிமே இல்ல. சத்தியமா."

சத்தியம் என்ற சொல்லைச் சுலபத்தில் வாயில் எடுக்காதவர் க்ளெம். எடுத்தால் காப்பாற்றுவார். அவள் பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரி நடையில், இவளை ஒருநாள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவோம் என்று நினைத்து அழுத மனிதர்.

நாலு மாதம் காப்பாற்றினார். பெத்தனிக்கு லாக்லன் என்ற நல்ல பையனோடு நிச்சயமானது. மாப்பிள்ளையின் தாயார் ராஸ்லின், விதவை, அடிலெய்டிலிருந்து முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்று ஏற்பாடு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணிக்கு.

அன்று காலையும் க்ளெம் சைக்கிள் எடுத்தார். புது உடுப்பு ஒரு மாதமாகத் துவைக்காமலே கிடந்ததால், அன்றும் பழையதையே மாட்டிக்கொண்டார். அந்த ஒரு மாதமாக அவருக்குள்ளே ஒரு ரகசியப் பெருமை ஓடிக்கொண்டிருந்தது. என்னவென்றால், கூட்டத்தில் யாருமே அவருக்குப் பின்னால் ஒண்டுவதில்லை. அவர் முன்னால் போனால் மற்றவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள், அல்லது காற்றில் அடிபட்டாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். நம் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, பாவம், என்று க்ளெம் நினைத்தார். பெருமை பாவம் என்று தெரிந்தவர்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமைகளில் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தார்.

காப்பிக்கடை வாசலில் பேச்சு அந்த உடுப்பைப் பற்றியே வந்தது.

"கடற்கரை ஊர்ல ஜட்டியோட போயி ஐஸ்கிரீம் வாங்குறான். யாராவது ஏன்னு கேக்குறாங்களா?" என்றார் கால்நடை மருத்துவர் ட்ரெவ்.

"அங்க கடல் இருக்கு ட்ரெவ். இங்க எங்க இருக்கு கடல்? முந்நூறு கிலோமீட்டர் போகணும்," என்றார் க்ளெம்.

"அதான் சைக்கிள் இருக்கே. கண்ணுக்கு முன்னால சைக்கிள் நின்னா தப்பில்ல. காப்பிக்கடை வாசல், சரி. ரொட்டிக்கடை, சரி. ஆனா மளிகைக்கடைக்குள்ள போயி முட்டைக்கோசை அமுக்கிப் பார்த்துட்டு நின்னா, அது அநாகரிகம்."

"நான்தான் சத்தியம் பண்ணிட்டேனே. முட்டைக்கோசைத் தொட்டே நாலு மாசம் ஆச்சு," என்றார் க்ளெம்.

ட்ரெவ் அவர் கால்சட்டையை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கேக்கை உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.

எல்லாரும் கலைந்து போனபின், பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, க்ளெமுக்கு மனைவி நோரீனிடமிருந்து போன் வந்தது.

"க்ளெம், பாவ்லோவா கேக்கு மேல போட க்ரீம் இல்ல! இருந்த டப்பா திரிஞ்சுபோச்சு. வெர்னா பன்னெண்டுக்குக் கடையை மூடிருவா. காரை பெத்தனி எடுத்துட்டுப் போயிட்டா, கோயில்லேருந்து நாற்காலி ஏத்த. ரெண்டு டப்பா வாங்கிட்டு வா."

"நோரீன், நான் அந்த உடுப்புல இருக்கேன்."

"அப்ப க்ரீம் இல்லாத பாவ்லோவாவை நீயே அந்தம்மா முன்னால வெச்சு விளக்கம் சொல்லு." போன் நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நாற்பது நிமிஷம். இருப்பது பத்து நிமிஷம். க்ளெம் மளிகைக்கடை வாசலில் நின்று, "ஆண்டவரே, நீரே யாரையாவது அனுப்பும்" என்று வேண்டினார். தெருவில் ஒரு நாய் போயிற்று. வேறு யாரும் வரவில்லை. தலைக்கவசத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றாமல் போனால் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று துணிந்து உள்ளே நுழைந்தார்.

டக் டக் டக். தரையில் அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. பால் சாமான் பெட்டி கடைசியில். க்ரீம் கீழ்த்தட்டில். அவர் தேடும் பொருள் எல்லாம் எப்போதும் கீழ்த்தட்டில்தான். க்ளெம் குனிந்தார்.

நிமிர்ந்தபோது பின்னால் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். வெள்ளி முடி, நீலக் கவுன், கையில் பெரிய சூரியகாந்திக் கொத்து. க்ளெம் நகர்ந்தார். அவரும் நகர்ந்தார். க்ளெம் வரிசையில் போய் நின்றார். அவரும் ஒட்டிக்கொண்டு நின்றார். பூங்காம்புகள் க்ளெமின் இடுப்புக்குக் கீழே குத்தின. க்ளெம் ஓரடி முன்னால் தள்ளி நின்றார். பூவும் ஓரடி வந்தது.

"இடம் நிறைய இருக்கும்மா," என்றார் க்ளெம், திரும்பாமலே, மரியாதையாக.

"இருக்கட்டும். எனக்கு இங்கேயே வசதியா இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என்ன பெண்பிள்ளை இது, வரிசையில் இப்படி முண்டுகிறது, வெளியூர்க்காரிபோல என்று க்ளெம் மனதுக்குள் முனகி, உடனே அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கல்லாவில் கடைக்கார வெர்னா க்ரீமை வாங்கிப் பார்த்தாள்.

"என்ன க்ளெம், மாறுவேஷமா?"

"க்ளெம்னு யாரும் இல்ல இங்க."

"கண்ணாடி போட்டா காது மறைஞ்சிருமா? பதினெட்டு வருஷமா பஸ் சன்னல்ல பார்க்குற காது."

க்ளெம் டப்பாக்களை முதுகுப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பூங்கொத்துப் பெண்மணி, வாங்கிய சாமானை அப்படியே விட்டுவிட்டு, கூடவே வாசல்வரை வந்தார். க்ளெம் கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்க முன்னால போங்கம்மா."

"இல்லயில்ல. நீங்க போங்க. நான் பின்னாலயே நிக்கிறேன். அதான் எல்லாருக்கும் நல்லது."

விசித்திரமான ஊர்க்காரி என்று நினைத்துக்கொண்டே க்ளெம் சைக்கிளில் ஏறினார்.

வீட்டில் குளித்து, இஸ்திரி போட்ட கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு மணிக்கு அவரே கதவைத் திறந்தார். முதலில் தெரிந்தது சூரியகாந்திக் கொத்து. அதற்கு மேலே வெள்ளி முடி.

ராஸ்லின் அவரைப் பார்த்தார். அவர் காதைப் பார்த்தார். ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டு, "முதல் தடவையா பார்க்குறதுல ரொம்ப சந்தோஷம்," என்று கையை நீட்டினார்.

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்காது. அந்தம்மாள் சொல்ல மாட்டார். நோரீன் சொல்ல மாட்டாள். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் பெத்தனி முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நோரீன் பூவை மேஜை நடுவில் வைத்து, "க்ளெம், ஜெபம் பண்ணு" என்றாள்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். க்ளெம் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். விருந்தாளிகளுக்கு நன்றி சொன்னார். மழைக்கு நன்றி சொன்னார். மழை மூன்று வாரமாகப் பெய்யவே இல்லை. அதற்குமேல் நன்றி சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது, உள்ளதைச் சொன்னார்.

"ஆண்டவரே, என் மகளுக்குச் சத்தியம் பண்ணின இந்த வாயும், அந்த உடுப்போட கடைக்குள்ள போன இந்தக் காலும் ஒரே ஆளுடையதுதான். க்ரீமுக்காகத்தான் போனேன். இருந்தாலும் போனேன். அவ வேற ஆளோட கைப்பிடிச்சு நடக்கணும்னா, நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்குறேன். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. லாக்லன் மட்டும் தாமதமாகச் சொல்லி, பிறகு சொல்லியிருக்கக் கூடாதோ என்று பார்த்தான்.

"அப்பா, எனக்கு பன்னெண்டு மணிக்கே தெரியும்," என்றாள் பெத்தனி. "நீ சைக்கிள்ல ஏறுறதுக்குள்ள வெர்னா போன் பண்ணிட்டா. ஆனா அவ சொன்னது நீ உள்ள வந்ததைப் பத்தி மட்டும் இல்ல. உனக்கு இன்னும் விஷயமே புரியலயா?"

"என்ன விஷயம்?"

பெத்தனி எழுந்து துணி துவைக்கும் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது, கறி புரட்டும் நீள இடுக்கியின் நுனியில் க்ளெமின் கறுப்புக் கால்சட்டை தொங்கியது.

"அடியே, அந்த இடுக்கி சாப்பாட்டுக்கு!" என்று நோரீன் அலறினாள்.

பெத்தனி அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மெத்தைக்கு மேலே, துணி தேய்ந்து தேய்ந்து கொசுவலைபோல ஆகியிருந்தது. அதன் வழியாகத் தோட்டத்து ஆப்பிள் மரம் தெரிந்தது. மரம் மட்டுமல்ல, அதில் தொங்கிய ஆப்பிள்களை எண்ணலாம்.

க்ளெம் மெதுவாக மேஜை நடுவில் இருந்த சூரியகாந்திகளைப் பார்த்தார். பிறகு ராஸ்லினைப் பார்த்தார்.

"என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதான் மறைச்சுக்கிட்டு நின்னேன்," என்றார் ராஸ்லின், காதுவரை சிவந்து. "ஆனா, சம்பந்தின்னு அப்பத் தெரியாது."

அப்போதுதான் க்ளெமுக்கு இன்னொன்றும் உறைத்தது. ஒரு மாதமாகக் கூட்டத்தில் யாரும் தனக்குப் பின்னால் ஒண்டாதது ஏன் என்று.

"நான் வேகமா போறேன்னு நெனச்சேனே," என்றார், பரிதாபமாக.

அவ்வளவுதான். முதலில் வெடித்தது ராஸ்லின். அடுத்து நோரீன். லாக்லன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் பாதி மேஜைவிரிப்பு நனைந்தது. க்ளெமும் சிரித்தார். ஆனால் கண் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெத்தனி இடுக்கியோடு சமையலறைக்குப் போனாள். குப்பைக் கூடையின் மூடி மூடுகிற சத்தம் கேட்டது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கு உனக்குத் தைக்கிற சூட்டு இருக்கே அப்பா," என்றாள், அவர் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே, "அதை நான் சன்னல்ல பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் உன்கிட்டத் தருவேன். ஆமென்."