புஸ்பவதியின் தகாலொக் கேள்விகள்

ஜெர்மனியின் வுப்பர்டாலில் புஸ்பவதி வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு அந்த வருடம் மாசி மாதம் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி வந்து சேர்ந்தார். பெயர் லூர்தெஸ். எண்பத்திரண்டு வயது. எழுபதுகளின் தொடக்கத்தில் தாதி வேலைக்கென்று ஜெர்மனிக்கு அழைத்து வரப்பட்டவர். இங்கேயே ஒரு ஜெர்மன்காரரைக் கல்யாணம் செய்து, முப்பத்து நான்கு வருடம் ஒரே ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைப் பிரிவில் நின்று ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கனடாவில் தங்கையின் மகள் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

மறதி நோய் அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தது. முதலில் வீட்டுக்குப் போகும் வழி. பிறகு கணவரின் பெயர். பிறகு ஐம்பது வருடம் பேசிய ஜெர்மன். ஆங்கிலமும் அதோடு போயிற்று. இல்லத்துக்கு வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது தாய்மொழியான தகாலொக் மட்டும். அந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் அவருடன் ஜெர்மனில் பேசினார்கள். விளங்கவில்லை என்றால் இன்னும் சத்தமாகப் பேசினார்கள். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புஸ்பவதிக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்த அவர், எண்பத்தாறாம் ஆண்டு கணவர் தியாகராசாவுடன் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அடுத்த குளிர்காலம் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்போது அவருக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல் ‘பிற்ற’. தயவுசெய்து என்று அர்த்தம். இரண்டு மணித்தியாலம் அதை மட்டும் சொல்லிக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. பிறகு பிரபாலினி பிறந்தாள், படித்தாள், பான் நகரில் வேலை எடுத்துக் குடும்பமானாள். தியாகராசா மாரடைப்பில் போனார். அந்த வாங்கு மட்டும் புஸ்பவதியின் மனதை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் இடைவேளையில் ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அவருக்கு ஓரளவு கைவசம் இருந்தது. ‘ஆர் யூ ஹங்ரி?’ என்று கைபேசியில் தட்டினால் அது தகாலொக்கில் சொல்லிக் காட்டும். பத்துத் தரம் கேட்டு, அந்தச் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினார். குதோம் கா பா, பசிக்குதா. நிலலமிக் கா பா, குளிருதா. மசாகித் பா, நோகுதா. மதுலோக், நித்திரை கொள்ள; துலோக், நித்திரை. இப்படி நாற்பது வரி சேர்ந்தன. ‘டூ யூ நீட் ஹெல்ப்?’ என்ற கேள்வியும் கைபேசியில் தட்டுவதற்கென்று அவர் குறித்துவைத்த ஆங்கிலப் பட்டியலில் இருந்தது. அதை மட்டும் அவர் கொப்பியில் எழுதவில்லை. உதவி வேண்டுமா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. உதவி செய்வதுதான் வேலை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் செய்யப்போகிறோம் என்று நினைத்துக் கடந்துவிட்டார்.

உடன் வேலை செய்த சுபானி சிரித்தாள். அவளும் யாழ்ப்பாணத்தவர்களின் பிள்ளைதான். இங்கே பிறந்து வளர்ந்தவள்.

“அக்கா, உங்களுக்கு வேற வேலை இல்லையா? அவவுக்கு இனி ஒண்டும் விளங்காது.”

“விளங்குதோ இல்லையோ, கேட்டுப் பாப்பமே.”

அன்று மத்தியானம் லூர்தெஸின் முன்னால் குனிந்து நின்று “குதோம் கா பா?” என்று கேட்டார். கிழவியின் தலை நிமிர்ந்தது. கதிரையில் முதுகை நேராக்கி, கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்: “ஓப்போ.”

ஓப்போ என்றால் ஆம். புஸ்பவதி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஜெர்மனியில் வேலை செய்து கிடைக்காத சந்தோஷம் அன்று கிடைத்தது என்று பிறகு பிரபாலினியிடம் சொன்னார்.

ஆனால் குளிருதா என்று கேட்டாலும் ஓப்போதான். வெக்கையாக இருக்கிறதா என்றாலும் ஓப்போ. நோகுதா என்று கேட்டபோதும் அதே ஓப்போ. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் கிறிஸ்ரியன் நல்ல மனிதர். அவர் கணினியைப் பார்த்தபடி சொன்னார்:

“எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறவர் சொல்லும் ‘ஆம்’ என்பதை நான் எங்கே பதிவு செய்வது, புஸ்பவதி? வலி மாத்திரை கொடுக்க வேண்டும் என்றால் எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும்.”

அது நியாயமாகவும் இருந்தது.

வைகாசி நடுவில் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு லூர்தெஸ் எட்டிப் புஸ்பவதியின் மணிக்கட்டைப் பிடித்தார். கேள்வி கேட்காமல் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பல் கட்டு கழன்றிருந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. துலோ என்பது வரைக்கும் கேட்டது, கடைசி எழுத்து தொண்டைக்குள் அமுங்கிவிட்டது. திருப்பித் திருப்பி அதையே சொன்னார். புஸ்பவதி சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பார்த்தார். துலோக். நித்திரை.

“படுக்கப் போறியளோ? ஓம், ஓம், வாங்கோ” என்று தமிழிலேயே சொல்லி, சுபானியையும் கூப்பிட்டு, தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, யன்னல் திரையை மூடினார். கிழவி முனகினார், கண்ணால் தண்ணீர் வடிந்தது. வயதானவர்களுக்குக் கண் கலங்குவது சாதாரணம். துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

அன்றைய பதிவில் எழுதினார்: ‘திருமதி லூர்தெஸ் தன் மொழியில் நித்திரை கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். மத்தியானத்தில் படுக்க வைக்கவும்.’ கிறிஸ்ரியன் அதை அடுத்த நாள் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். “இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்” என்றார். சிலர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

அதன்பிறகு கிழவி அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் யார் வேலையில் நின்றாலும் படுக்க வைத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் சொன்னார், குளிக்க வார்க்கும்போதும் சொன்னார். கட்டிலில் கிடந்தபடியும் சொன்னார். எழுப்பினால் உடம்பை விறைத்துக்கொண்டு மறுத்தார். சில நாட்களில் கதிரைக்குக் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள். வைத்தியர் வந்து பதிவுகளைப் புரட்டிவிட்டு, இந்த வயதில் நித்திரை கூடுவது இயல்புதான் என்றார். புஸ்பவதி போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, திரை விலகியிருந்தால் இழுத்து மூடிவிடுவார்.

ஆனி மாதம் ஜோஸ்லின் வந்தாள். பிலிப்பைன்சில் தாதிப் படிப்பு முடித்து வேலைக்கு வந்த இருபத்தைந்து வயதுப் பெண். ஜெர்மன் இன்னும் தட்டுத்தடுமாறியது. முதல் நாளே புஸ்பவதி அவளை லூர்தெஸின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் கொப்பியையும் காட்ட வேண்டும் என்று உள்ளூர ஓர் ஆசை.

கதவு திறந்ததும் கட்டிலிலிருந்து அந்தச் சொல் வந்தது.

“அவர் நித்திரை கேட்கிறார்” என்று புஸ்பவதி ஆங்கிலத்தில் சொன்னார். “எப்போதும் இதைத்தான் கேட்பார்.”

ஜோஸ்லின் கட்டிலருகே மண்டியிட்டுக் காதைக் கிழவியின் வாயருகே கொண்டுபோனாள். இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்த முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

“துலோக் இல்லை, மேடம். துலோங். உதவி. உதவி செய்யுங்கள் என்கிறார்.”

அவள் மெதுவாக ஏதோ கேட்டாள். கிழவி இடது தொடைக்குமேல் கையை வைத்தார். ஜோஸ்லின் போர்வையை விலக்கினாள். இடது கால் வலதை விடக் கொஞ்சம் கட்டையாக, வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எப்போது விழுந்தார், அல்லது தூக்கும்போது நடந்ததா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று நான்கு வாரம் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அம்புலன்ஸ் வரும்வரை ஜோஸ்லின் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். புஸ்பவதி சுவரோடு நின்றார். பிறகு கேட்டார்: “நோகுதா என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன். ஏன் வேறு ஒன்றும் சொல்லாமல் ஓப்போ என்று மட்டும் சொன்னார்?”

ஜோஸ்லின் கொப்பியை வாங்கி, அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சொல்லத் தயங்கினாள்.

“இதெல்லாம் சரிதான். ஆனால் இதில் மரியாதை இல்லை. எங்கள் மொழியில் பெரியவர்களிடம் இப்படிக் கேட்க மாட்டோம், ‘போ’ என்று ஒரு சொல் சேர்ப்போம். இது ஒரு மேலதிகாரி கீழே உள்ளவளைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. அவர் உங்களைத் தலைமைத் தாதி என்று நினைத்திருப்பார். ஓப்போ என்றால் ‘ஆமாம், அம்மா’ என்று மரியாதையாகச் சொல்வது. அவர் காலத்தில் தலைமைத் தாதிக்கு முன்னால் வேறு பதில் சொல்ல மாட்டார்கள்.”

புஸ்பவதிக்கு அது உடனே விளங்கியது. தமிழில் வாழ்ந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ என்று ஒன்றுதான். மனதுக்குள் நீங்கோ என்று நினைத்துக்கொண்டு தட்டிய எல்லாக் கேள்வியையும் கைபேசி நீ என்று மாற்றியிருக்கிறது. எண்பத்திரண்டு வயது மனுசியை அவர் மூன்று மாதமாகப் ‘பசிக்குதாடி, நோகுதாடி’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

லூர்தெஸுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் விடியற்காலை இறந்துபோனார். ஜோஸ்லினுக்கு அன்று வேலை. போய்ச் சேர முடியவில்லை. பக்கத்தில் தகாலொக் தெரிந்த யாரும் இருக்கவில்லை.

கிறிஸ்ரியன் புஸ்பவதியைக் கூப்பிட்டு எதிரே இருத்தினார். கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

“எல்லாப் பதிவுகளையும் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. யாருடைய பிழையும் இல்லை.”

“நான் பிழையாக எழுதினேன்.”

“நீங்கள் கேட்டதை எழுதினீர்கள். இத்தோடு விடுங்கள்.”

யாராவது ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று புஸ்பவதி நினைத்தார். அந்த இல்லத்தில் ஏசுவதற்கும் ஆள் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கனடாவிலிருந்து லூர்தெஸின் தங்கை மகள் தொலைபேசி எடுத்தாள். பெரியம்மாவைக் கவனமாகப் பார்த்த, ஆங்கிலம் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழுதபடி நன்றி சொன்னாள். அவருடைய மொழியைப் படித்தீர்களாமே, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்றாள். பிறகு கேட்டாள்: “கடைசி நாட்களில் ஏதாவது சொன்னாரா? எங்களைப் பற்றி, ஊரைப் பற்றி? ஒரு சொல்லாவது?”

புஸ்பவதியின் தொண்டைக்குள் அந்தச் சொல் இருந்தது. இப்போது அதைத் திருத்தமாக, கடைசி எழுத்துவரை உச்சரிக்கவும் தெரியும்.

“இல்லை” என்றார். “ஒன்றும் சொல்லவில்லை. அமைதியாக இருந்தார்.”

அந்தப் பெண் மறுபடியும் நன்றி சொன்னாள்.

அன்று வேலை முடிய முதலே மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலைத்தள உடுப்போடேயே குசினியில் இருந்து பிரபாலினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அம்மா, நீங்கள் மற்ற ஆக்களை விடக் கூடத்தானே செய்தனீங்கள்” என்றாள் மகள். “அந்தக் கட்டடத்தில வேற ஆர் அவவோட அவவின்ர பாஷையில ஒரு சொல் கதைச்சவை?”

“ஒருத்தரும் கதைச்சிருக்காட்டி நல்லம் பிள்ளை. விளங்கேல்லை, விளங்கேல்லை எண்டு எல்லாரும் சொல்லியிருப்பினம். அவ கத்திக்கொண்டாவது இருந்திருப்பா. ஆராவது ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்திருப்பினம். நான்தான் விளங்கினமாதிரி எழுதி வைச்சன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் யோசிக்கேல்லை.”

புஸ்பவதி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“எனக்கும் அந்த மறதி வருத்தம் வந்தால்?” என்றார் புஸ்பவதி. “ஜெர்மன் முதல் போயிடும். தமிழ்தான் மிஞ்சும். உன்ர பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது. தண்ணி எண்டு நான் கேட்டால் அதுகள் என்னத்தைக் கொண்டுவந்து தருங்கள்?”

“அப்பிடிக் கதையாதேங்கோ அம்மா. நான் இருக்கிறன்தானே.” பின்னால் யாரோ அவளை ஜெர்மனில் கூப்பிட்டார்கள். “எனக்கு இப்ப ஒரு ரெர்மின் இருக்கு, ஒராளைச் சந்திக்கவேணும். பின்னேரம் எடுக்கிறன், என்ன?”

“ஓம், ஓம். நீ போ.”

பின்னேரம் அழைப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். பேரப்பிள்ளைகள் தொலைபேசிக்கு வந்து ஜெர்மனில் சுகம் விசாரித்தார்கள்.

புஸ்பவதி உடுப்புக் கழுவும் பகுதிக்கு மாற்றம் கேட்டார். ஆள் பற்றாக்குறை, ஏலாது என்றார் கிறிஸ்ரியன். ஆவணியில் லூர்தெஸின் அறைக்கு சோலிங்கனிலிருந்து ஒரு கிழவர் வந்தார். நல்ல ஜெர்மன், நல்ல ஞாபகம், ஓயாத பேச்சு. முதல் நாள் மத்தியானம், “கொஞ்சம் படுக்கப் போகிறேன்” என்றார்.

“என்ன சொன்னீர்கள்?” என்று புஸ்பவதி கேட்டார்.

“படுக்க வேண்டும் என்றேன்.”

“எங்காவது நோகிறதா?”

“இல்லை. களைப்பு.”

“காலில்? இடுப்பில்? உண்மையாகவே நித்திரைதானா?”

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களுக்கு ஜெர்மன் விளங்காதா?” என்று கத்தினார்.

புஸ்பவதி மன்னிப்புக் கேட்டு, அவரைக் கட்டிலில் கிடத்தி, இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து நீளம் பார்த்தார். சரியாக இருந்தன. திரையை மூடாமல் வெளியே வந்து, கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடியும் உள்ளே போய்க் கேட்டார்.

அடுத்த வாரம் கிழவர் அவரைப் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். தன் பேச்சு அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று. கிறிஸ்ரியன் புஸ்பவதியை மேல் மாடிக்கு மாற்றினார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் பேசுவதில்லை.