விதைக்கு ஆகாத கிழங்கு

என் வேலை இலையை அரைப்பது. இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஊட்டியில் ஓர் ஆய்வகத்தில், வைரஸ் தாக்கிய உருளைக்கிழங்கு இலையை அரைத்து, அதிலுள்ள சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கிறேன். வைரஸ் நுழைந்ததும் செடி அந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து மிச்ச வைரஸையும் தேடிப் பிடிக்கிறது. வைரஸ் மட்டும் லேசுப்பட்டதா? அந்தத் துண்டுகளை அமுக்கிக்கொள்ளவே ஒரு புரதத்தைச் செய்கிறது. இலையின் வளர்ச்சியை நடத்தும் செடியின் சொந்தத் துணுக்குகளின் வேலையும் அதில் கெட்டு, இலை கோணிப் போகிறது.

இலை பறிக்க, பக்கத்து மலைக்கிராமமான இத்தலாரில் ஒரு அக்காவின் தோட்டத்துக்குப் போவேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தனியாளாகக் கிழங்கு போடுகிறவர். போன வருடம் அவருடைய ஒரு பாத்தியில் இலையெல்லாம் மஞ்சள் திட்டு. பிடுங்கி எறிந்துவிடுவதாக இருந்தார். மூன்று வாரம் கழித்துப் போனால், மேலே புது இலைகள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, செடி ஜெயிச்சிருச்சுங்க!"

"நெசமாலுமா கண்ணு?"

"பாருங்களேன், புது இலையில ஒரு பொட்டுக்கூட இல்லை. பிடுங்காதீங்க."

இலை தேறியது உண்மைதான். வைரஸ் ஒடுங்கியிருந்ததே தவிர, போகவில்லை. மண்ணுக்குள் கிழங்கில் அது தங்கியிருக்கும், விதையோடு அடுத்த செடிக்கும் போகும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இங்கே பெருங்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும், பொடிக்கிழங்கு விதைக்கு நிற்கும். நோய் கண்ட செடியில் பொடிதான் அதிகம். அந்தப் பாத்தியின் பொடியைத்தான் அக்கா விதைக்கு எடுத்து வைத்திருந்தார். அடுத்த போகத்துக்கு அவரிடம் வேறு விதை இல்லை.

இந்த வருடம் முளைத்த செடியெல்லாம் கோணல் இலை. வரப்பில் நின்று, "என் தப்புதானுங்க அக்கா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அறுவடை முடிந்து ஒருநாள் ஆய்வகத்துக்கே வந்து, ஒரு பையை என் மேசைமேல் வைத்தார். பொடிக்கிழங்கு. அந்தத் தோட்டத்தில் விளைந்ததில் பாதிக்கு மேல் அதுதான்.

"எனக்கு எதுக்குங்க அக்கா?"

"விதைக்குத்தான ஆகாது கண்ணு? கொழம்புக்கு ஆகுமில்ல. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அன்று மாலை வேகவைத்து, ஒவ்வொன்றாகத் தோலுரித்தேன். உள்ளே ஒரு கறை இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்டார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.