இரண்டாம் நிரப்பு

மாலக்கி டீகன் கேஸ் நிரப்பி அனுப்பிய ஒரு ரயில் பெட்டிகூட வழியில் விளக்கணைந்து இருண்டதில்லை. ஹட்சன் ஆற்றங்கரை ரயில் யார்டில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் அவனே சொல்லிவிடுவான். கேட்காதவனையும் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்வான். ஒன்பது வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தப் பெருமை இல்லாமல் இருந்திருந்தால் அவன் நல்லவனாகவே செத்திருப்பான் என்று யார்டில் சிலர் இன்றும் சொல்கிறார்கள்.

அயர்லாந்தில் கிளேர் பக்கம் பிறந்தவன். பதினேழு வயதில் கப்பலேறி ஜெர்சி நகரத்தில் இறங்கினான். பல வருஷம் கரி அள்ளினான். ரயில் பெட்டிகளில் எண்ணெய் விளக்குகளைக் கழற்றிவிட்டு கேஸ் விளக்கு மாட்டத் தொடங்கியபோது, மூக்கைப் பிடிக்காமல் கேஸ் கொட்டகைக்குள் நிற்கக்கூடிய ஆள் யார் என்று கேட்டார்கள். கையைத் தூக்கியவன் இவன் ஒருவன்தான்.

எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்த கேஸைப் பம்பு வைத்து அழுத்தி, கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரும்புத் தொட்டிகளில் அடைப்பார்கள். அங்கிருந்து ஒரு குழாய் தண்டவாளங்களுக்குப் போகும், இன்னொன்று படகுத்துறைக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் வயிற்றுக்கடியில் ஒரு சிலிண்டர் உண்டு. நீராவிப் படகுகளுக்குத் தளத்தின் கீழே இருக்கும். மாலக்கி ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய்த் திருகி மாட்டுவான். அழுத்தம் காட்டும் முள் பத்தைத் தொட்டதும் அடைப்பான். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் பத்து என்று எழுதி, அடியில் ஒரு சிலுவைக் கோடு போடுவான். சிலுவை இருந்தால் டீகன் நிரப்பியது, விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பொருள்.

ஆனால் அந்தப் பத்தை அப்படியே நம்பக் கூடாது. வேகமாக அடைத்த கேஸ் சூடாக இருக்கும், சூட்டில் முள் கூடுதலாகக் காட்டும். அரை மணி நேரம் கழித்து ஆறியதும் முள் எட்டுக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் அதற்கும் கீழே போகும். அதனால் திரும்பி வந்து இன்னொரு தரம் நிரப்ப வேண்டும். இரண்டாம் நிரப்பு என்று அதற்குப் பெயர். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் முழு வேதமும்.

இரண்டாம் நிரப்பு முடிந்த பிறகுதான் சாக்பீஸை எடுக்க வேண்டும் என்பது முறை. பனி கொட்டும் மாதங்களில் அந்த முறையை யார் பார்த்தார்கள்? கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும், இரண்டு தரம் கழற்ற யாருக்கும் மனசு வராது. முதல் நிரப்போடு பத்து என்று எழுதிவிட்டு, பிறகு வந்து மீதியை நிரப்பிவிட்டுப் போவார்கள். யார்டில் கேஸ்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டாம் நிரப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சிகாகோ போகும் வண்டியில் படுக்கைப் பெட்டிக்குப் பணியாளராக இருந்தவர் எலைஜா பெட்டிஃபோர்ட். பால்டிமோர்க்காரர், கறுப்பர், மாலக்கியைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் மாலக்கி அவரை ஒருமையில்தான் அழைப்பான், அவர் இவனை மிஸ்டர் டீகன் என்பார். அந்த ஊர் வழக்கம் அப்படி. கேஸ் ஆறும் அரை மணி நேரமும் இரண்டு பேரும் பெட்டியின் படிக்கட்டில் காப்பியோடு நின்று வாயடிப்பார்கள்.

"என்ன மிஸ்டர் டீகன், உங்க கேஸு இன்னும் ஆறலையா?"

"உன் காப்பி ஆறுறதுக்குள்ளே அது ஆறிடும். காப்பியா இது? கரியைக் கரைச்சுக் குடுத்திருக்கே."

"குடிச்சு முடிச்சிட்டுத்தானே சொல்றீங்க! லவினியாகிட்டேருந்து கடுதாசி வந்துச்சு. நான் போன மாசம் எழுதினதைச் சிவப்பு மையிலே திருத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கா."

"அப்போ வாத்தியாரம்மா ஆயிட்டான்னு அர்த்தம். நீ போய் மூலையிலே நில்லு."

லவினியா அவருடைய ஒரே மகள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பயணிகளின் பூட்ஸுக்கு எலைஜா பாலிஷ் போட்டதெல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று இரண்டு ஜனவரியில் ஒரு மத்தியானம். காலையிலிருந்தே பனி. மாலக்கி எலைஜாவின் பெட்டிக்கு முதல் நிரப்பு முடித்து, பத்து எழுதி, சிலுவைக் கோடும் போட்டுவிட்டான். அப்போது படகுத்துறையிலிருந்து கேப்டன் ஸ்டாடர்ட் கத்தினார்.

"யோவ் டீகன்! என் படகு என்ன, வேண்டா வெறுப்பா பெத்த புள்ளையா? ஆறு உறையுதுய்யா! ஒரு மணி நேரத்துலே கிளம்பலேன்னா வசந்தம் வரைக்கும் இங்கேதான் கெடக்கணும்!"

மாலக்கி ஓடினான். படகின் குழாய் வாய் பனிக்கட்டியால் அடைத்திருந்தது. வெந்நீர் ஊற்றி உருக்கி, நிரப்பி முடித்துத் திரும்பியபோது சிகாகோ வண்டியின் வால்தான் தெரிந்தது. எட்டு இருந்தாலே தாராளம், அடுத்த கேஸ் நிலையம் வரை போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மற்ற நாளாக இருந்தால் போயிருக்கும்.

பென்சில்வேனியா மலையில் வண்டி பனியில் புதைந்து நின்றுவிட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் எலைஜாவின் பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மற்ற பெட்டிகளில் வெளிச்சம் இருந்தது. இருட்டில் தடவிக்கொண்டு போன ஒரு கிழவி படி தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளுடைய மகன் பெரிய இடத்து ஆள்.

விசாரணை யார்டு ஆபீசில் மூன்று நாள் நடந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பத்து என்று தெளிவாக இருந்தது. நிறையக் கேஸ் இருந்தும் தீர்ந்துவிட்டதென்றால், விளக்குகளைத் தணிக்காமல் பகலிலும் எரியவிட்டது யார்? பணியாள்தானே! இவ்வளவுதான் அவர்கள் போட்ட கணக்கு.

முதல் நாள் சூப்பிரண்டு மாலக்கியைக் கூப்பிட்டுக் கேட்டார். "டீகன், அந்தப் பெட்டிக்குப் பத்து எழுதினது நீதானே?"

"நான்தாங்க."

"அவ்வளவுதான். போய் வேலையைப் பாரு."

அடுத்த கேள்வி வரும் என்று அவன் நின்றான். வரவில்லை. கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தான். கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் எலைஜா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலக்கி குனிந்த தலை நிமிராமல் அவரைக் கடந்து போனான்.

அன்று இரவு வீட்டில் மனைவி ஹனோராவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது வருஷமா ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே, ஒரு பெட்டி இருண்டதில்லேன்னு. இப்போ இருண்டுடுச்சு. போய்ச் சொல்லு."

"வேலை போயிடும்டி."

"உனக்குப் போனா இன்னொரு கொட்டகையிலே ஏத்துப்பான். அந்த மனுஷனுக்குப் போனா யாரு ஏத்துப்பா? நாலு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

மறுநாள் மாலக்கி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசல்வரை போனான். எலைஜா அவனைப் பார்த்து லேசாக எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு சூப்பிரண்டு வந்து இவன் தோளில் தட்டினார். "நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். உன் பத்து நல்ல சாட்சிய்யா! படகுத்துறைக்கும் சேத்து உன்னையே மேஸ்திரியாப் போடச் சொல்லி எழுதிட்டேன்."

மாலக்கி "ரொம்ப நன்றிங்க" என்று சொன்னான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். பாவி!

மூன்றாம் நாள் எலைஜாவை வேலையைவிட்டு நீக்கினார்கள். யார்டு வாசலில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனதை மாலக்கி தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

மேஸ்திரியான பிறகு அவன் செய்த முதல் காரியம், இரண்டாம் நிரப்புக்கு முன்னால் சாக்பீஸை எடுப்பவனை வீட்டுக்கு அனுப்புவேன் என்று சட்டம் போட்டதுதான். "பூனை சைவமாயிடுச்சுடோய்" என்று ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். தன் பெருமையை அவன் அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பாதிரியார் கேட்டார்: "என்கிட்டே சொல்லிட்டே, சரி. அந்த மனுஷன்கிட்டே சொன்னியா?" விலாசம் தெரியாது என்றான். விசாரித்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

ஆறு வருஷம் போயிற்று. ஒரு கோடைக் காலையில், வேலைக்கு வராத ஆளுக்குப் பதிலாக மாலக்கியே ஒரு படகுக்குக் கேஸ் நிரப்பப் போனான். கொதிகலன் பக்கமிருந்து ஒருவர் சாம்பல் வாளியோடு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதலில் அடையாளம் தெரிந்துகொண்டவர் அவர்தான்.

"சௌக்கியமா மிஸ்டர் டீகன்?"

மாலக்கி முள் பத்தைத் தொட்டதும் அடைப்பைத் திருகி மூடினான். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அன்று இரண்டாம் நிரப்பு செய்யவில்லை, எழுதிய பத்து பொய், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

எலைஜா வாளியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"வண்டி கிளம்பறதுக்கு முன்னே சிலிண்டர்லே கையை வெச்சுப் பாத்தேன். அடுப்புலேருந்து எடுத்த ரொட்டி மாதிரி சுட்டுது. ஓடி வந்து உங்களைத் தேடினேன். அதுக்குள்ளே விசில் ஊதிட்டான்."

"அப்போ ஏன் அவங்ககிட்டே சொல்லலே?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க எழுதினது பெட்டிச் செவுத்துலே இருக்கு. நான் சொல்றது வாயிலே இருக்கு."

"லவினியா?"

"சலவைக்கடையிலே இருக்கா. கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு புள்ளைங்க."

"நான் இப்பவே போய்ச் சொல்றேன். எழுதிக் குடுக்கறேன். நீங்க கூட வாங்க."

"யாருகிட்டே? அந்த சூப்பிரண்டு செத்து ரெண்டு வருஷமாச்சு. எனக்கும் வயசு அறுபது. இனிமே நான் எந்தப் பெட்டியிலே ஏறப் போறேன்?"

மாலக்கி அழுதான். துறையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவனுக்கு அது உறைக்கவில்லை. எலைஜாவின் முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, களைப்புத்தான் இருந்தது.

"மூணு நாளும் நான் அந்தப் பெஞ்சுலே இடம் விட்டு ஓரமாத்தான் உக்காந்திருந்தேன், மிஸ்டர் டீகன்," என்றார்.

"ஏன்?"

"நீங்க வந்து உக்காருவீங்கன்னு."

வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார்.