வாங்க என்று சொல்லாத கடை

என் அத்தான் சங்கரசுப்புவைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காசாசை பிடித்தவன் என்பான் ஒருத்தன், கிறுக்கன் என்பான் இன்னொருத்தன். ஒருத்தனுக்கும் ஒரு மண்ணும் தெரியாது. கூடவே கிடந்து மாரடித்தவன் நான். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் அவர் வளவிக்கடை வைத்திருந்தார். வளையலை நாங்கள் வளவி என்றுதான் சொல்வோம். அதற்கு இரண்டு கடை தள்ளி நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். என் அக்கா உச்சிமாகாளியை அவருக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது. ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் அந்தத் தெருவில் அவர் குரல்தான் கேட்கும். "வாங்க தாயீ, வாங்க! கையக் குடுங்க, வலிக்காம ஏத்துதேன்." வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடையை விட்டு இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு "போயிட்டு வாங்க" உண்டு.

"அத்தான், தெருவுல போற மாட்டையும் வான்னு கூப்பிடுவீங்க போலுக்கே" என்று நான் கிண்டல் செய்வேன்.

"வந்தா கொம்புக்கு ஒரு சோடி போட்டு அனுப்புதேன், மாப்ளே. உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்பார்.

நாற்பத்தாறாம் வருசம் ஐப்பசியில் அக்கா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அப்பா இல்லாததால் அந்தப் புதுச்சேலையை நான்தான் கொண்டுவர வேண்டும். அப்போது துணிப் பஞ்சம், எல்லாம் ரேஷன் கார்டுக்குத்தான். என் கடையில் ஊரார் துணி வெட்டினதும் வெட்டாததுமாகக் கிடக்கிறது, என் அக்காவுக்கு ஒரு முழுச்சேலை இல்லை. வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு புளியங்குடி வரைக்கும் போய், ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த சேலையைக் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். பொழுது சாயப் போகிற நேரம். பந்தலில் ஒரு கிழம் எல்லாரும் கேட்கிற மாதிரி, "கூடப் பெறந்தவன் தையக்காரன், ஒரு சேலைக்கு வக்கத்துப் போயிட்டான்" என்றது.

நான் வருவதற்குள் அத்தான் தன் வேலையை முடித்துவிட்டார். சுமங்கலி கை நிறைய வளவியோடு போகவேண்டும் அல்லவா? கடையிலிருந்து பச்சை வளவி எடுத்துவரச் சொல்லி, அவரே ஏற்றியிருக்கிறார். அக்காவின் கை ஜில்லிட்டு விறைத்துப்போயிருந்ததாம். கைக்கு ஒரு டஜன், ஒன்றுகூட உடையவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தார். முதல் ஆளாக ஒரு பெண் வந்து கையை நீட்டினாள். அத்தான் அந்தக் கையைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார். "உங்க அளவு இல்ல தாயி" என்றார். அடுத்தவளுக்கும் அதே பதில். கடை நிறைய வளவி தொங்குகிறது, யாருக்கும் அளவில்லையாம்! நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் போய்க் கேட்டேன்.

"எல்லாக் கையும் சூடா இருக்கு, மாப்ளே" என்றார். வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த மாதம் வளவிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கழுகுமலை போகிற சாலையில் ஒரு கடை பிடித்தார். சாமானைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மூங்கில், தென்னங்கீற்று, மண்கலயம், பன்னீர், ஊதுவத்தி. கடையநல்லூர்த் தறிக்காரர்களிடம் சொல்லிவைத்து வாங்கின கோடித்துணி. எல்லாம் சாவு வீட்டுச் சாமான்.

"நீரு மனுசன்தானா?" என்று நடுச்சாலையில் நின்று கத்தினேன். "வளவி வித்த கையால பாடைக்கு மூங்கில் விக்கப் போறீரா? வீட்டுல ஒரு பொட்டப்புள்ள வளருது. சாவுக்கடைக்காரன் மகள எவன்வே கட்டுவான்?"

மகள் வள்ளித்தாய்க்கு அப்போது பதினோரு வயது. அத்தான் மூங்கிலை அளந்து அடுக்கிக்கொண்டே, "அன்னைக்கு ஒரு சேலைக்கு நீ புளியங்குடி வரைக்கும் போனேல்லா" என்றார்.

பாடை கட்டுகிற மூக்காண்டிதான் அவருக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். அதில் முதல் பாடம் இது: "இந்தக் கடைக்கு வாரவங்கள வாங்கன்னு கூப்பிடப்பிடாது. போறவங்கள போயிட்டு வாங்கன்னும் சொல்லப்பிடாது. எழவு வீட்டுல சொல்லிட்டா போறோம்? அந்த மாதிரிதான் இதுவும்." அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் இருபது வருசம் பழகின வாய் சும்மா இருக்குமா? முதல் வாரமே ஒருவர் தன் தகப்பனாருக்குக் கோடி வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, "போயிட்டு வாங்க, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆள் திரும்பினார். "எவன் வீட்டு எழவுக்குலே மறுபடியும் வரச் சொல்லுத?" என்று கேட்ட கேள்வி சாலை முழுக்கக் கேட்டது. அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு போயிருந்தால் தேவலை. இருபதாம் நாள் அதே ஆள் கடை முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை கத்தவில்லை. "புள்ளைக்கு. ரெண்டு முழம் போதும்" என்றார்.

அன்றோடு அத்தான் வாயை மூடினார். கடையில் மட்டும் என்றால் சரி, தெருவிலும் வீட்டிலும்கூட யாரையும் வா என்று கூப்பிடமாட்டார். நான் போனாலும் தலையைத்தான் அசைப்பார். ஆள் வந்தால் எழுந்து நிற்பார், கேட்டதை எடுத்துக் கொடுப்பார், அவர்கள் போகிற வரைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சோறு போட்டால் சாப்பிடுவார், உப்பில்லாவிட்டாலும் தெரியாது. தீபாவளியும் ஒன்றுதான், அக்காவின் திதியும் ஒன்றுதான். ஏழு வருசம் இப்படியே ஓடியது. நான் போடாத சண்டை இல்லை. கல்லில் நார் உரிக்க முடியுமா?

வள்ளித்தாய்க்குப் பதினெட்டு ஆனது. நான் பயந்தபடியே நடந்தது. பெண் கேட்டு வந்த இரண்டு இடம் கடையின் பெயரைக் கேட்டதும் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. மூன்றாவதாக இளையரசனேந்தல் கருத்தப்பாண்டி சொல்லி அனுப்பினார். வானம் பார்த்த பூமியில் பருத்தி போடுகிற சம்சாரி, ஒரே மகன். "தொழில்ல என்ன இருக்கு, எல்லாரும் ஒருநாள் அங்கதான போகணும்" என்றாராம். இதை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்து நாளாக அத்தானிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: "வாசல்ல வந்து நின்னதும் வாங்கன்னு சொல்லணும், அத்தான். அந்த ஒரு சொல்லு போதும், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்." அவர் தலையை ஆட்டினார்.

கருத்தப்பாண்டியும் அவர் சம்சாரமும் மகனும் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அத்தான் வெளுத்த வேட்டி கட்டி வாசலில் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கருத்தப்பாண்டி ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவனை வா என்று கேட்காவிட்டால் செருப்பால் அடித்த மாதிரி. அந்த ஒரு சொல்லுக்காகப் பேச்சு முறிந்து, பேரன் காலம் வரை பேசாத குடும்பங்கள் இருக்கின்றன.

"வாங்க வாங்க, உள்ள வாங்க!" என்று நான் பதறிக்கொண்டு ஓடினேன்.

"நீரு இரும்வே. வீட்டுக்காரரு சொல்லட்டும்" என்றார் கருத்தப்பாண்டி. அத்தான் நெற்றியில் வேர்வை வழிந்தது. சொல் மட்டும் வரவில்லை. "நல்ல மரியாத! ஏட்டி, நட. அடுத்த பஸ்ஸப் பிடிப்போம்" என்று சம்சாரத்தைப் பார்த்துச் சொல்லிக் காலை எடுத்துவிட்டார்.

பாதிப் பூ வைத்த தலையோடு வள்ளித்தாய் வெளியே வந்துவிட்டாள். அவர்கள் பார்க்க வந்த பெண், கூப்பிடுமுன்னே தெருவாசலுக்கு! எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் கருத்தப்பாண்டியைப் பார்த்து, "மாமா, எங்கப்பா கடையில ஒருத்தர போயிட்டு வாங்கன்னு சொன்னாவ. அவரு பெத்த புள்ளைக்கே கோடித்துணி வாங்கத் திரும்பி வந்தாரு. அதுலேருந்து யாரையும் சொல்லுததில்ல. ஒங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் சொல்லாம நிக்காவ." குரல் நடுங்கியது, ஆனால் முழுதும் சொல்லி முடித்தாள்.

கருத்தப்பாண்டி அவளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அவர் சம்சாரம், "வெயில்ல நிக்காதிய, உள்ள போங்க" என்று அவர் முதுகில் கை வைத்தாள். "சரி. ஆனா ஒண்ணு" என்றார் அவர். "வரும்போது சொல்லாட்டா போகுது. பேச்சு முடிஞ்சு போகும்போதும் வாயத் தெறக்கலேன்னா, இந்தச் சம்பந்தம் கெடையாது. கூப்பிடாத வீட்டுக்கு எம் மவன் எப்படி வந்து போவான்?"

காப்பி கொடுத்தோம், பேசினோம். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். வைகாசியில் கல்யாணம் என்று நாளும் பேசியாகிவிட்டது. எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை, அத்தானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தார்கள். வாசலில் நின்று, "அப்ப போயிட்டு வாரோம்" என்றார் கருத்தப்பாண்டி. சொல்லிவிட்டு நகரவில்லை. அத்தான் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு... வாங்க" என்றார். துருப்பிடித்த பூட்டைத் திறந்தது மாதிரி இருந்தது அந்தக் குரல். கருத்தப்பாண்டி கும்பிட்டுவிட்டு இறங்கினார். நான் அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன், வெட்கம் என்ன வெட்கம்.

மறுநாள் காலையில் கழுகுமலை சாலைப் பக்கம் போனேன். கடை வாசலில் மூக்காண்டியின் வண்டி நின்றது. கலயமும் துணியும் ஏற்கெனவே ஏற்றியாயிற்று. அத்தான் மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கடையில் ஒரு சாமான் இல்லை.

"என்ன அத்தான் இது? கல்யாணத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு. இப்பப் போயி யாராவது தொழில விடுவாங்களா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அத்தான் நிமிர்ந்தார். ஏழு வருசத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"அவங்கள வாங்கன்னு சொல்லிட்டேன், மாப்ளே. வரும்போது இந்தக் கடை இருக்கப்பிடாது."

"சரி, இனி என்ன தொழில் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெறவு பாப்போம்" என்றார். "நீ அந்த முனையப் பிடி."