பிக்கப்பும் டிராப்பும்

அடுக்கி வைக்காத எதைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராமிலும் அப்படித்தான். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வண்டிகளுக்கு ஒரு ஆப். அதன் புரோகிராமைக் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு பயணத்துக்கும் என்னென்ன விவரம் வேண்டும் என்று சொல்லும் 'கிளாஸ்' பகுதியில் விவரங்கள் கண்டபடி கிடந்தன. ஆங்கில அகரவரிசையில் அடுக்கினேன். ஏற்றும் இடமான பிக்கப் கீழே போனது, இறக்கும் இடமான டிராப் மேலே வந்தது.

அந்த விவரங்களை வரிசையாக வாங்கி நிரப்பும் கன்ஸ்ட்ரக்டரை நான் கையால் எழுதவில்லை. கிளாஸின் தலையில் அனொட்டேஷன் என்று ஒரு குறிப்புச் சொல் போட்டால் போதும், விவரங்கள் இருக்கிற வரிசையிலேயே அது கன்ஸ்ட்ரக்டரை உண்டாக்கிவிடும். நான் வரிசையை மாற்றியதும் அதுவும் மாற்றிக்கொண்டது. ஆனால் பயணத்தைப் பதிவுசெய்கிற இடத்தில் முகவரிகள் பழைய வரிசையிலேயே போய்க்கொண்டிருந்தன. இரண்டு முகவரியுமே வெறும் எழுத்துகள். எது எங்கே போனாலும் பிழை பார்க்கும் கம்பைலருக்கு ஒன்றுதான். நானும் பெருமையாக ஆப்பில் ஏற்ற அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு டயாலிசிஸுக்குப் போக என் மாமாவுக்கு அதே ஆப்பின் வண்டி வரவேண்டும். அம்மாவின் அண்ணன், எங்களோடுதான் இருக்கிறார். ஏழேகால் ஆகியும் வண்டியைக் காணோம். முகம் வீங்கி, மூச்சு வாங்க, வாசலில் நாற்காலியில் இருந்தார். "விளிச்சுக் கேளு மக்கா," என்றார். அதற்குள் டிரைவரே அழைத்தான்.

"சேச்சி, ஞான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி கேட்டில் நிக்குவா. பேஷன்ட் எவிடெ?"

"ஆஸ்பத்திரியிலயா? உனக்கு மூள உண்டா?" என்று கத்தினேன்.

"ஆப்பில் பிக்கப் இவிடெயாணல்லோ சேச்சி."

ஐயோ! நான் மாற்றிய வரிசையில் வீடு டிராப்பாகவும் ஆஸ்பத்திரி பிக்கப்பாகவும் மாறிப்போயிருந்தது.

ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க மாமா டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். தப்பு என்னுடையது என்று ஆபீஸில் சொன்னால் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். சத்தமில்லாமல் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு கள்ளப்புத்தி.

அவருடைய படுக்கை நல்லவேளை காலியாக இருந்தது. ஊசி குத்தி மெஷினை ஓடவிட்டார்கள். அப்போதும் மாமா விடவில்லை. "அந்தப் பயல வேலையிலேருந்து எடுக்கணும்," என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, அவனில்ல. தப்பு நானாக்கும் செய்தது." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவர் பக்கத்தில் பார்த்தார். இன்னும் நாலு படுக்கை காலியாகக் கிடந்தது.

"இவங்களுக்கும் வண்டி இப்பிடித்தானா?"

"ஆமா மாமா."

"பின்ன நீ இஞ்ச எதுக்கு நிக்கிய?"