ஸ்டிக்கரைக் கிழித்த வெள்ளிக்கிழமை

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. எதையாவது பிரித்துப் போட்டால்தான் அடங்கும். அந்த வெள்ளிக்கிழமை என் கையில் சிக்கியது, முந்தின நாள்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிய புத்தம்புது சிடி டிரைவ்.

அப்பாவுக்குக் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ். பெட்டிக்கு லேபிள் வரைவதற்கென்று சிவகாசியில் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் படித்து முடித்த நான், புது லேபிளை நானே போடுகிறேன் என்று மல்லுக்கு நின்றேன். அப்பா அரைமனதாக இறங்கிவந்தார்.

“சனிக்கிழமை அச்சாபீசுக்குப் போயிரணும். இல்லன்னா பழைய ஆளுதான் வரைவாரு. பொறவு லேபிள் பேச்சையே எடுக்கக் கூடாது, பாத்துக்கோ.”

லேபிள் தயார். ஆனால் ஃப்ளாப்பியில் அடங்காத அளவுக்குப் பெரிது. அதற்காகத்தான் சிடியில் எழுதும் டிரைவையே வாங்கினோம். வியாழன் சாயங்காலம் கடைக்காரர் வந்து மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டி முடித்திருந்தார். எங்கள் வீட்டில் எந்த மெஷின் வந்தாலும் முதல் வெள்ளிக்கிழமை பூசை உண்டு. கேபினெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஜோராக இருந்தன. கும்பிட்டுவிட்டு சிடியைப் போட்டேன். தட்டு உள்ளே போனது, விளக்கு மினுக்கியது, கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிடியைப் போடச் சொல்லித் திரையில் ஒரு வரி வந்தது.

“போட்டுத்தான இருக்கேன்! கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று கத்தினேன்.

கடைக்காரர் வந்தார். வயரை மாற்றினார், டிரைவின் பின்னாலிருந்த ஜம்பர் என்ற குட்டிச் செருகியைப் பிடுங்கி இடம் மாற்றினார், பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை.

“டிரைவ் போயிட்டு தங்கச்சி. மதுரைக்கு அனுப்பணும். அடுத்த வாரம் வந்துரும்.”

“நேத்து நல்லா ஓடிச்சேண்ணே?”

“மெஷினுதான? நேத்து ஓடிச்சு, இன்னைக்கு ஓடல. சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன். இந்தா, மூடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க. அது கிழிஞ்சா கம்பெனிக்காரன் மாத்தித் தர மாட்டான்.”

அவர் போனதும் அப்பா போனை எடுத்தார். யாருக்கென்று கேட்கவே வேண்டாம், சிவகாசிப் பழைய ஆளுக்குத்தான்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்கப்பா,” என்றேன். என்ன நினைத்தாரோ, போனை வைத்துவிட்டார்.

உட்கார்ந்து யோசித்தேன். டிரைவ் இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. தட்டு வருகிறது, போகிறது. சிடி சுற்றுகிற சத்தமும் கேட்கிறது. ஆனால் எந்த சிடியைப் போட்டாலும் தெரியவில்லை என்கிறது. அப்படியானால் நான் கோபத்தில் கத்தியதுதான் சரி. கோளாறு கண்ணில்தான்.

கரண்டைப் பிடுங்கினேன். டிரைவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கரைச் சர்ரென்று கிழித்தேன்.

“ஏட்டி! என்ன செய்யுதே!” அப்பா பதறிக்கொண்டு வந்தார்.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே சிடியைப் படிக்கிற கண், உளுந்து அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன்மேல் மஞ்சளாய்க் காய்ந்துபோன ஒரு பொட்டு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்!

அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“சிடியிலயும் வச்சீங்களா?”

“வேலை செய்யுதது அதுதானட்டி. பளபளன்னு இருந்த பக்கத்துல ஒரே ஒரு பொட்டு வச்சேன். நல்லா சுத்துதான்னு உள்ள தள்ளியும் பாத்தேன். ஒண்ணும் வரல. அதான் எடுத்து வேட்டியில தொடச்சி வச்சிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். சிடி சுற்றின வேகத்தில் ஈரச் சந்தனம் கண்ணாடியில் தெறித்திருக்கிறது! கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, மருந்து முக்காத தீக்குச்சி ஒன்றை அப்பாவிடம் வாங்கி, நுனியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு மெல்ல மெல்லத் துடைத்தேன். என் மூச்சு எனக்கே கேட்டது. கண்ணாடி நீலமாகப் பளிச்சென்று ஆனது.

திரும்ப மாட்டினேன். பாட்டு சிடி போட்ட மாத்திரத்தில் பாடியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். டிரைவை எடுத்துப் போக அட்டைப்பெட்டியோடு வந்த கடைக்காரர், லேபிள் சிடியில் ஏறுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்களே தங்கச்சி!”

“கிழிச்சதாலதாண்ணே ஓடுது,” என்றேன். அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை அப்பாவோடு நானும் சிவகாசிக்கு பஸ் ஏறினேன். அச்சாபீசில் லேபிள் திரையில் விரிந்தது. அங்கிருந்தவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, இந்த நீலம் மங்கலா இருக்கு, இன்னும் கொஞ்சம் தூக்கணுமா?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கிட்ட ஏன் கேக்கீங்க? லேபிள் போட்டது அவ. அவகிட்ட கேளுங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “தூக்கணுமாம்மா?”

“தூக்குங்க,” என்றேன்.