அந்த நிலாவுக்கு மூன்றரை நாள்

குன்றின் மேலே இருந்த கோளரங்கத்தில் எனக்கு டார்ச் அடிக்கிற வேலை. காட்சி தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு இருட்டில் இடம் காட்ட வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய வேலைதான். யாரோடும் அதிகம் பேச வேண்டாம், என் முகத்தையும் யாரும் பார்க்கப்போவதில்லை. என்னைப் போல் கூச்சப்படுகிறவளுக்கு ஹைதராபாத் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வேலை கிடைத்திருக்காது.

என் வீட்டுக்காரர் அப்போது சவூதியில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில் வருவார். நான் மல்காஜ்கிரியில் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தேன். கடிதம் எழுத எங்கள் இரண்டு பேருக்குமே வராது. அதனால் கேசட். அங்கே வேலை செய்கிற யாராவது லீவில் வந்தால் அவர் பேசி அனுப்பிய கேசட்டைக் கொண்டு வருவார்கள். திரும்பும்போது எங்கள் பதிலை வாங்கிப் போவார்கள். கேட்கும்போதும் முன்னறையில் எல்லோரும் இருப்பார்கள், பதில் பேசும்போதும் எல்லோரும் இருப்பார்கள்.

ஒரு தடவை வந்த கேசட்டில், எல்லோரையும் விசாரித்து முடித்த பிறகு அவர் சொன்னார்: "கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடட்டுமா, வந்துடட்டுமா? நீதான் சொல்லணும்."

நீ என்றது என்னை. என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், டேப்பை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லும்மா. மாடி தளம் போடாம நிக்குது பாரு" என்றார். கெட்ட மனசு கிடையாது. அவர் கவலை அவருக்கு.

வந்துவிடுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. அதை அக்கா முன்னால், அவருடைய அண்ணன் முன்னால் எப்படிச் சொல்வது?

அந்த மாதம் கோளரங்கத்தில் வியாழனைப் பற்றிப் புதிய காட்சி போட்டார்கள். வியாழனைச் சுற்றும் நிலாக்களில் ஒன்றுக்கு மேலெல்லாம் பனிக்கட்டி. அதற்கு அடியில் உறையாத கடல் இருக்கலாம் என்று தெலுங்கில் சொன்னார்கள். சூரியன் எங்கோ இருக்கிறது, வெயிலே எட்டாது. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவேன். அவ்வளவு பெரிய வியாழன் பக்கத்தில் இருக்கிறதே, அடுப்பு ஓரத்தில் வைத்த பால் போல அந்த அனலில்தான் கடல் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

காட்சி இயந்திரத்தை ஓட்டுகிறவர் சிகந்தராபாத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார். "என்ன சிஸ்டர், அந்த நிலா வந்தா டார்ச்சை மறந்துடுறீங்க. நேத்து ஒரு ஆளு இன்னொருத்தர் மடியில போய் உக்காந்துட்டாரு."

வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அடுப்புப் பாலைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அனல் கினல் எல்லாம் நக்கோ, அதெல்லாம் கெடையாது சிஸ்டர். அது சுத்துற பாதை சரியான வட்டம் இல்ல. கொஞ்சம் கிட்ட வரும், கொஞ்சம் தள்ளிப் போகும். கிட்ட வந்தா வியாழன் அழுத்திப் புடிச்சு இழுக்கும், தள்ளிப் போனா தளர்த்தி விடும். இழுத்து விட்டு இழுத்து விட்டு, உள்ளுக்குள்ளயே உரசிச் சூடாகுது."

"எப்பவும் ஒரே தூரத்துல இருந்தா?"

"இழுப்பு மாறாதே. எப்பவோ உறைஞ்சிருக்கும். ஆனா கூட ரெண்டு நிலா இருக்கு, சொந்தக்காரங்க மாதிரி. அதுங்க அப்பப்ப இழுத்து, பாதையை வட்டமாக விடாம வச்சிருக்கு."

"எத்தன நாளைக்கு ஒருக்கா கிட்ட வரும்?"

"மூன்றரை நாள்."

நான் மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன். சவூதி போவதற்கு முன், துணி காயப்போடக் கொடி கட்டக் கம்பி வேண்டுமென்றால் அவர் கட்டிங்பிளேயரைத் தேடமாட்டார். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைப்பார். பத்து வளைப்பில் கம்பி அறும். அறுந்த நுனியை என் மணிக்கட்டில் வைத்து, "சுடுதா?" என்பார். சுடும். இல்லை என்பேன். பகலில், எல்லோரும் நடமாடும் வீட்டில், என்னைத் தொட அவருக்கு அது ஒரு சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை பதில் பேசினோம். எல்லோரும் பேசி முடித்த பிறகு கடைசியில் கொஞ்சம் டேப் எனக்கு மிஞ்சியது. "நான் வேலை செய்யிற எடத்துல ஒரு நிலா காட்டுறாங்க" என்று ஆரம்பித்தேன். "மேல பூரா ஐஸு. உள்ள கடலு. கிட்ட வந்து தள்ளிப் போயி, கிட்ட வந்து தள்ளிப் போயி, அதுலயே சூடா இருக்குதாம். நீங்க கம்பி வளைப்பீங்களே, அந்த மாதிரி."

"அவன் நிலாவைப் பத்தியா கேட்டான்?" என்று அவருடைய அண்ணன் சிரித்தார்.

"இருங்க, டீச்சரம்மா பாடம் நடத்துறாங்க" என்றார் அக்கா.

மிச்சத்தைச் சொல்லாமல் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். டேப்பும் தீர்ந்து டக்கென்று நின்றது. கம்பி என்று சொல்லியிருக்கிறேன், அவருக்குப் புரியும் என்று இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் குரல் வந்தது. "நிலா சொன்னியே, அதை மூணு தடவ போட்டுக் கேட்டேன். தள்ளி இருந்தாலும் சூடு ஆறாதுன்னு தைரியம் சொல்லிட்ட. அந்தத் தைரியத்துலதான் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். அவர்மேல் என்ன தப்பு? பாதியைத்தானே சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லி, எல்லோரும் போன கல்யாணத்துக்கு நான் போகவில்லை. டேப்பின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் பதிவானது. மௌலா அலி பக்கம் போகிற ரயில் பதிவானது. அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது.

"அந்த நிலா மூன்றரை நாளைக்கு ஒருக்கா கிட்ட வந்துடுதுங்க."

நிறுத்திவிட்டேன். திரும்பப் போட்டுக் கேட்கக்கூடத் தைரியமில்லை. லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிற ஒருவரிடம், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் கொடுத்தனுப்பினேன்.

போட்ட கையெழுத்து போட்டதுதான். முழு இரண்டு வருஷமும் இருந்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு போகவில்லை. மாடிக்குத் தளம் போட மேலும் பல வருஷம் ஆயிற்று.

ஒருநாள் அவருடைய சவூதிப் பெட்டியைக் காலி செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். குக்கரும் ரயிலும் சரியாகக் கேட்டன. என் குரல் மட்டும் தண்ணீருக்கடியில் பேசுவது போல இழுத்து இழுத்து வந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் டேப் அப்படித்தான் தளர்ந்துபோகும்.

"அது கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.